8085 பாடம் நடத்தியவர் இன்டெல் பங்கை என்ன செய்வது?

2025இல் திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதினார்; இந்தப் பதிலில் வரும் விலையும் விதியும் அந்த நேரத்து நிலவரம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரங்களைக் கொஞ்சம் மாற்றிச் சுருக்குகிறேன். பாலிடெக்னிக் ஒன்றில் இருபத்தேழு ஆண்டுகள் மின்னணுவியல் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 62. 2021ஆம் ஆண்டின் நடுவில், கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாக கணினிச் சிப் செய்யும் அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தில் 600 பங்குகளைச் சராசரியாக 55 டாலருக்கு வாங்கினார். 33,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 24.4 லட்சம் ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈவுத்தொகையை ஓய்வூதியத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். “ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு 8085 நடத்தியவன் நான். இன்டெல்லை நம்பாமல் யாரை நம்புவது?” என்று கேட்கிறார். 8085 என்பது பாடமாக வைத்திருந்த இன்டெல்லின் பழைய நுண்செயலிச் சிப்.

ஈவுத்தொகை 2023இல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, 2024 செப்டம்பருக்குப் பிறகு அடியோடு நின்றது. 2024 ஆண்டுக் கணக்கில் நிறுவனம் 1,880 கோடி டாலர் நஷ்டம் காட்டியதும் தூக்கம் போயிற்று என்கிறார். கடிதம் எழுதிய 2025இல் பங்கு விலை 24, 25 டாலரில் நின்றது. மகன் எல்லாவற்றையும் விற்கச் சொல்கிறார். இவருக்கோ, 2025 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க அரசே ஏறக்குறைய பத்து விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்ட செய்தி தெம்பு தந்திருக்கிறது. வங்கியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் வைப்பை உடைத்து இன்னும் வாங்கி, சராசரி விலையைக் குறைக்கலாமா என்று கேட்கிறார். அடுத்த ஆண்டு மனைவிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. இந்தப் பங்கு விவகாரம் மனைவிக்குத் தெரியாது. கடைசியில், பின்குறிப்பாக ஒரே ஒரு வரி: பல்லடம் பக்கம் இருபது ஆண்டுகளாக வைத்திருந்த வீட்டுமனையை 2026 ஜனவரியில் பத்திரம் செய்து கொடுக்க முன்பணம் வாங்கியாகிவிட்டது.

ஐயா, ஐந்து பக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தப் பின்குறிப்புதான். கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த 1,880 கோடி. அவ்வளவு பணமும் கஜானாவிலிருந்து வெளியே போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நஷ்டத்தின் பெரும்பகுதி 2024இன் மூன்றாம் காலாண்டு ஒன்றிலேயே விழுந்தது. அதிலும் 990 கோடி டாலர், வரி தொடர்பான ஏட்டுக் கணக்கு. பின்னால் வரப்போகும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சொத்தாகக் காட்டி வைத்திருந்த வரிச் சலுகை அது. அவ்வளவு லாபம் வருமா என்ற ஐயம் வந்ததும், கணக்கியல் விதிப்படி அதற்கு ஈடாக ஒதுக்கீடு செய்துவிட்டார்கள். இன்னொரு 310 கோடி, பழைய தொழில்நுட்ப எந்திரங்களின் மதிப்பைக் குறைத்ததும் தேய்மானத்தை முன்கூட்டியே எழுதியதும். சுமார் 290 கோடி, மொபில்ஐ போன்று வாங்கிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கூடுதல் விலையைக் கழித்தது. இவை எதற்கும் அந்த ஆண்டு ரொக்கம் போகவில்லை. சொல்லப்போனால், அதே 2024இல் தொழில் நடவடிக்கைகளிலிருந்து 830 கோடி டாலர் ரொக்கம் உள்ளே வந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட வேண்டாம். ஏட்டு நஷ்டம் என்றால் பொய் நஷ்டம் என்று பொருளில்லை. ‘இனி முன்போல லாபம் வரும் என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை’ என்று நிறுவனமே ஒப்புக்கொடுத்த வாக்குமூலம் அந்த 990 கோடி. மேலும், உள்ளே வந்தது 830 கோடி என்றால், அதே ஆண்டில் ஆலைகளுக்கும் எந்திரங்களுக்கும் போனது சுமார் 2,400 கோடி. நஷ்டத் தொகையைவிட இந்த இடைவெளிதான் உங்களைக் கவலைப்படுத்தியிருக்க வேண்டும். ஈவுத்தொகை நின்றதற்குக் காரணமும் இதுதான்.

நீங்கள் வாங்கிய 2021இல் இன்டெல்லின் விற்பனை 7,900 கோடி டாலர், நிகர லாபம் 1,990 கோடி. 2024இல் விற்பனை 5,310 கோடி. மூன்றே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு விற்பனை கரைந்திருக்கிறது. தரவு மையங்களுக்கான சிப் ஒருகாலத்தில் அவர்களுடைய பொன்முட்டை. அந்தப் பிரிவின் 2024 விற்பனை 1,280 கோடி. போட்டிச் சிப் நிறுவனமான என்விடியாவின் தரவு மையப் பிரிவோ, 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மட்டும் 11,500 கோடி டாலருக்கு விற்றது. 2024 நவம்பரில் டோ ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீட்டிலிருந்து இன்டெல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் என்விடியாவை உட்காரவைத்தார்கள்.

நீங்கள் வாங்கிய தொழில் அல்ல இது

உங்கள் ஊர்க்காரருக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். சொந்த பிராண்டில் பனியன் தைத்து விற்கும் கம்பெனி ஒன்று, தையல், சாயம், பிரிண்டிங் எல்லாம் தன் கூரைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பல ஆண்டுகள் நல்ல லாபம். பிறகு எந்திரங்கள் பழசாகி, பக்கத்து ஊர்க் கம்பெனி முந்திவிடுகிறது. முதலாளி முடிவெடுக்கிறார்: உலகத்திலேயே புதிய எந்திரத்தை இறக்குவோம், நம் பனியன் மட்டும் போதாது, மற்றவர்களுக்கும் ஜாப் ஒர்க் எடுப்போம். போட்டிக் கம்பெனியானாலும் சரி, துணி கொடுத்தால் தைத்துத் தருவோம். 2021 மார்ச்சில் இன்டெல்லின் அன்றைய தலைவர் பாட் கெல்சிங்கர் அறிவித்த திட்டத்தின் சாரம் இதுதான். சிப் உலகில் இந்த ஜாப் ஒர்க்குக்கு ஃபவுண்டரி என்று பெயர்; தைவானின் டிஎஸ்எம்சி அதில் அரசன்.

ஜாப் ஒர்க் எடுப்பவருக்கு முதலில் வருவது எந்திரக் கடனின் வட்டி. ஆர்டர் பிறகுதான் வரும். இன்டெல்லுக்கும் அதுவே நடந்தது. 2024இல் ஃபவுண்டரிப் பிரிவின் நஷ்டம் மட்டும் 1,300 கோடி டாலருக்கு மேல். அதன் வருமானத்தில் ஏறக்குறைய எல்லாமே இன்டெல்லின் சொந்தப் பிரிவுகள் கொடுத்த வேலை. வெளி ஆர்டர் சொற்பம். வேடிக்கை என்னவென்றால், இன்டெல் தன்னுடைய சில புதிய சிப்களையே டிஎஸ்எம்சியிடம் கொடுத்துத்தான் செய்து வாங்குகிறது. பனியன் கம்பெனி முதலாளி, தன் சொந்தச் சரக்கைப் பக்கத்து யூனிட்டில் தைக்கக் கொடுத்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

2024 ஆகஸ்ட் முதல் தேதி 15 விழுக்காடு ஆட்குறைப்பும் ஈவுத்தொகை நிறுத்தமும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. மறுநாள் பங்கு 26 விழுக்காடு விழுந்தது. டிசம்பரில் கெல்சிங்கர் போனார். 2025 மார்ச்சில் லிப்-பு டான் வந்தார், திசையும் மாறியது. முன்னவர் ஆலையைக் கட்டினால் ஆர்டர் வரும் என்று நம்பியவர். இவர் ஆர்டர் கையில் வந்த பிறகே ஆலை என்கிறார். ஜெர்மனி, போலந்துத் திட்டங்கள் கைவிடப்பட்டன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆலைப் பணி மெதுவாக்கப்பட்டது. துணை நிறுவனங்கள் நீங்கலாக ஊழியர் எண்ணிக்கையை 2025 இறுதிக்குள் 75,000 அளவுக்குக் கொண்டுவருவது அவர் வைத்த இலக்காக இருந்தது. 14ஏ என்ற அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பத்துக்குப் பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை நிறுத்திவைக்கவோ கைவிடவோ நேரலாம் என்று முதலீட்டாளர்களுக்கான அறிக்கையிலேயே எழுதிவிட்டார்கள்.

டான் செய்வது சரியென்றே எனக்குப் படுகிறது. ஆனால் என் கருத்து இங்கே முக்கியமில்லை. நீங்கள் ஈவுத்தொகை தரும் நிலைத்த நிறுவனத்தை வாங்கினீர்கள்; இப்போது உங்கள் கையில் இருப்பது, பாதி வழியில் நிற்கும் பெரும் பந்தயம். பந்தயம் ஜெயிக்கலாம். 1985இல் நினைவகச் சிப் தொழிலைக் கைவிட்டு நுண்செயலிக்குத் தாவியபோது இதே நிறுவனம் ஜெயித்தது. மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டிய 62 வயதுக்காரர் அதில் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

அரசு வந்தால் பங்கு விழாது என்பது

இந்த நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியது. பொதுத்துறை வங்கியில் போட்ட பணம் போகாது என்று வளர்ந்த தலைமுறை நாம். ஆனால் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க அரசு 890 கோடி டாலருக்கு 43.33 கோடி பங்குகளை, பங்கு ஒன்று 20.47 டாலர் என்று எடுத்துக்கொண்டது. அந்த 890 கோடியில் 570 கோடி, உள்நாட்டில் சிப் ஆலை கட்ட உதவும் சிப் சட்டத்தின்கீழ் ஏற்கெனவே மானியமாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. மீதி 320 கோடி, பாதுகாப்புத் துறைக்கான வேறொரு திட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்டிருந்தது. இலவசமாக வரவேண்டிய பணத்துக்குப் பதிலாக நிறுவனம் புதுப் பங்குகளை எழுதிக் கொடுத்திருக்கிறது. அதுவும் சந்தை விலையைவிடக் குறைத்து. உங்கள் 600 பங்கு 600ஆகவே இருக்கும். மொத்தப் பங்கு பெருகியதால் அதற்குரிய பாகம் சுருங்கியிருக்கிறது.

அரசு நிறுவனத்தைக் காப்பாற்றுவது வேறு, பழைய பங்குதாரரைக் காப்பாற்றுவது வேறு. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது அமெரிக்க அரசு பணம் போட்டுப் புதிய நிறுவனத்தில் சுமார் 60 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டது. கார்கள் தொடர்ந்து ஓடின. பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இன்டெல் அந்த நிலையில் இல்லை; அப்படி ஆகும் என்றும் நான் சொல்லவில்லை. ‘அரசு இருக்கிறது’ என்ற இரண்டு சொல் தைரியத்தில் 15 லட்சத்தை எடுக்காதீர்கள் என்கிறேன்.

அந்த 15 லட்சத்துக்குக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். நீங்கள் எழுதிய நாளின் விலையில் சுமார் 700 பங்கு கிடைக்கும். உங்கள் சராசரி 55இலிருந்து 38.6 டாலருக்கு இறங்கும். தாளில் அழகாகத் தெரியும். ஆனால் அசலைப் பார்க்கவே விலை இன்னும் 57 விழுக்காடு ஏற வேண்டும், இம்முறை இரண்டு மடங்குப் பங்குகளோடு நீங்கள் காத்திருப்பீர்கள். வைப்புக்கு ஏழு விழுக்காடு வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 1,05,000 ரூபாய் போய்விடும். இன்டெல் தருவது பூஜ்யம். போதாததற்கு, ஒரு நிதியாண்டில் 10 லட்ச ரூபாய்க்கு மேல் வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுப்பினால், மிகுதித் தொகையில் 20 விழுக்காட்டை வங்கி அப்போதே வரியாகப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு அது ஒரு லட்சம். பிறகு கணக்குத் தாக்கலில் திரும்ப வாங்கலாம்; அதுவரை அந்தப் பணம் உங்களிடம் இருக்காது. வைப்பை உடைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கடிதத்தில் நீங்கள் கேட்காதது

ஈவுத்தொகையில் 25 விழுக்காடு அமெரிக்காவிலேயே பிடித்துவிட்டார்கள், ஆகவே இங்கே காட்ட வேண்டியதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுதோறும் ‘சகஜ்’ படிவத்தில், அதாவது ஐடிஆர்-1இல் கணக்குத் தாக்கல் செய்வதாகவும் சொல்கிறீர்கள். இதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

வெளிநாட்டில் ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஐடிஆர்-1 கூடாது. உங்களுக்கு ஐடிஆர்-2. அதில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்.ஏ. அட்டவணை இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும். ஈவுத்தொகையை முழுத் தொகையாக இங்கே வருமானத்தில் காட்டி, அமெரிக்காவில் பிடித்த வரிக்குப் படிவம் 67 கொடுத்துக் கழிவு கேட்க வேண்டும். காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்ச ரூபாய் தண்டம் போட இடமிருக்கிறது. அசையாச் சொத்து நீங்கலாக, மொத்த வெளிநாட்டுச் சொத்து 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்தத் தண்டம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். உங்கள் முதலீடு தொடங்கியதே 24 லட்சத்தில். எனவே பழைய ஆண்டுகளுக்கு அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது.

பயப்பட வேண்டாம், வழி இருக்கிறது. இந்த 2025இல் தாக்கல் செய்துவிட்ட கணக்கை டிசம்பர் 31க்குள் திருத்தித் தாக்கல் செய்யலாம். 2024 ஜூனிலும் செப்டம்பரிலும் வந்த கடைசி இரண்டு ஈவுத்தொகைகளும் அதில் வர வேண்டும். முந்தைய ஆண்டுகளுக்கு, கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்கு கொடுக்கும் கால அளவை நான்கு ஆண்டாக நீட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சொத்து பார்த்துப் பழகிய ஆடிட்டர் ஒருவரிடம் நேரில் உட்கார்ந்து, ஆண்டு ஆண்டாகச் சரி செய்துவிடுங்கள். துறையிலிருந்து குறுஞ்செய்தி வரும் முன்னால் நாமே போவது எப்போதும் நல்லது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர் அல்லாதவர் இறக்கும்போது அங்கே உள்ள சொத்து 60,000 டாலரைத் தாண்டினால் அந்நாட்டு மரபுரிமை வரி வருகிறது. உங்கள் தொகை அதற்கு வெகு கீழே. ஆனால் ‘அமெரிக்காவில் இன்னும் கொஞ்சம் போடலாம்’ என்று வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் குறித்துக்கொள்ளட்டும்.

அந்தப் பின்குறிப்பு

இப்போது பல்லடம் மனை. பங்கை நீங்கள் எழுதிய நாளின் விலையில் விற்றால், ரூபாய்க் கணக்கில் 24.4 லட்சம் போட்டது சுமார் 12.9 லட்சமாகத் திரும்பும். நஷ்டம் ஏறத்தாழ 11.5 லட்சம். இதை வைப்பு வட்டியிலோ ஓய்வூதியத்திலோ கழிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்டகால மூலதன நஷ்டம். நீண்டகால மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழியும். உங்களிடம் அப்படி ஓர் ஆதாயம் இருக்கிறதா? ஜனவரியில் வரப்போகிறது.

மனை விற்ற ஆதாயமும் பங்கு விற்ற நஷ்டமும் ஒரே நிதியாண்டில், அதாவது 2026 மார்ச் 31க்குள் விழுந்தால், ஆதாயத்தில் 11.5 லட்சம் கழிந்துவிடும். 12.5 விழுக்காடு வரி என்று வைத்தாலும் ஏறத்தாழ 1,44,000 ரூபாய் மிச்சம். மனை 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியது என்பதால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 விழுக்காடு என்ற பழைய கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதாயம் நஷ்டத்தைவிடச் சிறிதாக இருந்தால், மிச்ச நஷ்டத்தை எட்டு ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம். அதற்குக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் அந்த உரிமை போய்விடும்.

ஆகவே மகன் சொல்வது பெரும்பாலும் சரி, அவர் சொல்லும் காரணம் தவறு. இன்டெல் மூழ்கிவிடும் என்பதற்காக விற்க வேண்டாம். அது எழுந்து நிற்கவும் கூடும், விற்ற மறுமாதம் விலை ஏறினால் என்னைத் திட்டுவீர்கள், அதற்கும் தயாராகவே எழுதுகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும், ஈவுத்தொகை திரும்பி வரும் நாள் கண்ணில் தெரியவில்லை, உங்கள் நஷ்டத்துக்கு இந்த ஓர் ஆண்டில் மட்டும் ரொக்க மதிப்பு இருக்கிறது. இந்த மூன்றும் போதும். ஒரே நாளில் மொத்தத்தையும் தள்ள மனம் வரவில்லையென்றால் இப்போது பாதி, மனைப் பத்திரம் முடிந்ததும் மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மட்டும் தாண்டக் கூடாது.

வீட்டில் சொல்லிவிடுங்கள். மனைப் பத்திரம், வரிக் கணக்கு, வங்கிக்குத் திரும்பும் டாலர் என்று அடுத்த ஆறு மாதம் வீட்டுக்கு வரும் காகிதங்களில் எப்படியும் தெரிந்துவிடும். ஆடிட்டரிடம் போகும்போது மூன்று தாள்களை எடுத்துச் செல்லுங்கள்: 2021 முதல் இன்று வரை செயலியிலிருந்து இறக்கிய பங்கு மற்றும் ஈவுத்தொகை விவரம், பணம் அனுப்பிய வங்கிச் சான்று, மனை வாங்கிய பத்திரத்தின் நகல்.

இனி, ‘8085 நடத்திய கையால் எப்படி விற்பது’ என்ற கேள்வி. என் தம்பி பாலிடெக்னிக்கில் படித்தபோது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை 8085 பயிற்சிக் கிட்டின் முன்னால் உட்கார்ந்து, இரண்டு எண்களைக் கூட்ட வைத்துவிட்டு, ஊருக்கே விருந்து வைக்கும் முகத்தோடு எழுந்து வந்தது நினைவிருக்கிறது. உங்களைப் போன்ற ஒரு வாத்தியார்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். பத்துப் பங்கை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. அந்தப் பத்துக்கும் எஃப்.ஏ. அட்டவணை நிரப்ப வேண்டும்.